எல்லாருக்கும் 120/80: ஒரு டார்கெட்டின் வரலாறு

1/
எம்.பி.பி.எஸ். முடிச்சு அரசுப் பணியில சேர்ந்த புதுசு. மதுரைக்கு மேற்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். ஊர்ப் பேர் வேண்டாம். மாசக் கடைசி, மறுநாள் ரிவ்யூ மீட்டிங். கிராம சுகாதார செவிலியர் ஒருத்தர் கனமான ரிஜிஸ்டரை என் மேஜையில வெச்சு, "சார், டார்கெட் முடிஞ்சிருச்சு. கையெழுத்து மட்டும் போட்டுருங்க"ன்னாங்க.

புரட்டினேன். முப்பது வயசு தாண்டியவங்களுக்கான ரத்த அழுத்தப் பரிசோதனை. 120/80. அடுத்த வரி 120/80. அதுக்கு அடுத்ததும் 120/80. பக்கம் முழுக்க அப்படியே.

உங்க தெருவுல முப்பது பேருக்கு பிபி பார்த்தா முப்பது பேருக்கும் ஒரே அளவு வருமா? வராது. அது எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்.

கையெழுத்து போட்டேன்.

2/
நாலு மாசம் கழிச்சு ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. வயசு ஐம்பத்திரண்டு. வலது கை, கால் விழுந்துபோச்சு. வாய் கோணியிருக்கு. பிபி 210/120. முதலுதவி கொடுத்து 108ல ஏத்தி அனுப்பினோம்.

வண்டியில ஏறும்போது அவர் மனைவி சொன்னாங்க: "நர்சம்மா வந்து பேரெல்லாம் எழுதிட்டுப் போனாங்களே டாக்டர்... ஒண்ணும் இல்லைன்னுதான் நினைச்சோம்."

உள்ளே போய் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அவர் பேர் இருந்தது. நேரா 120/80. பக்கத்தின் அடியில் என் கையெழுத்து.

3/
அந்த செவிலியர் சோம்பேறியா? இல்லைங்க. தடுப்பூசி, கர்ப்பிணிகள், பிரசவம் முடிஞ்சவங்க வீடு, ஆன்லைன் பதிவு எல்லாம் அவங்க ஒரே ஆள். இரவு பத்து மணிக்கு ஒரு கர்ப்பிணிக்கு வலின்னு போன் வந்தா முதல்ல கிளம்புறவங்களும் அவங்கதான்.

நான் கேட்டப்போ அழலை. நிதானமா சொன்னாங்க: "போன மாசம் நிஜமாவே வீடு வீடாப் போய்ப் பார்த்தேன் சார். பாதிதான் முடிஞ்சது. மீட்டிங்ல எழுந்து நிக்கச் சொல்லிக் கேட்டாங்க. இந்த மாசம் எழுதி முடிச்சேன். கை தட்டினாங்க."

இந்தப் பதிவு அவங்களைப் பத்தினது இல்லை. அவங்களையும் என்னையும் ஒரே பக்கத்துல பொய்ச் சாட்சியா நிறுத்தின 'டார்கெட்' பத்தினது. அதுக்கு நம்ம மாநிலத்துல எழுபது வருஷ வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமா போகும். பொறுமையா வாங்க.

4/
1952. உலகத்திலேயே முதல் நாடாக இந்தியா, குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக எடுத்துக்கொள்கிறது. அதில் சென்னை மாகாணம் ஒரு படி முன்னே போனது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி பிறகு இங்கே தலைமைச் செயலாளர் ஆனார். கணக்கெடுப்பில் அவர் பார்த்த எண்கள் அவரைப் பயமுறுத்தியிருந்தன.

1950களின் பிற்பகுதியில், கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு ரொக்கம் கொடுக்கும் முறை இங்கே தொடங்கியது. ஆளைக் கூட்டிவருபவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று பணம்.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. ஆனா அன்னைக்கே ஒரு விதை விழுந்திருச்சு. ஒரு மனுஷனோட முடிவுக்கு, இன்னொருத்தருக்குக் கூலி.

5/
1960களின் நடுவில் மத்திய அரசு இதற்குத் தனித் துறையே அமைத்தது. டில்லியில் ஒரு எண். அது மாநிலங்களுக்குப் பிரிந்தது, மாநிலம் மாவட்டத்துக்கு, மாவட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அங்கிருந்து ஒவ்வொரு பணியாளர் தலையிலும். இத்தனை ஆபரேஷன், இத்தனை லூப் என்று வகைவாரியாக. பிறகு வருவாய்த்துறை ஊழியர், பள்ளி ஆசிரியர் என்று அந்தச் சுமை பரவியது.

உங்க வீட்டுல ஓய்வுபெற்ற ஆசிரியரோ வி.ஏ.ஓ.வோ இருந்தா கேட்டுப் பாருங்க. "கேஸ் பிடிக்கிறது"ங்கிற சொல்லு அவங்களுக்கு நல்லாத் தெரியும். போலீஸ் கேஸ் இல்லை. ஒரு பெண்ணையோ ஆணையோ ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைக்கிறதுக்குப் பேரு அது. கணக்கு முடியிறது மார்ச் மாசம்கிறதால, கேம்ப் கூட்டமும் மார்ச் மாசம்தான் குவியும்.

6/
1971 ஜூலை. பக்கத்து கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டம். ஒரே மாதத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன். ஊரே திருவிழா மாதிரி. பணம், துணி, அரிசி எல்லாம் உண்டு. உலகமே வந்து வேடிக்கை பார்த்தது. மற்ற மாநிலங்களும் அதே மாதிரி மாபெரும் கேம்ப் போட ஆரம்பித்தன.

ஆனா ஒரு கேள்வி அந்தப் பந்தலில் கேட்கப்படலை. இத்தனை பேர் வந்தது குடும்பம் போதும் என்று முடிவெடுத்தா, வீட்டில் அரிசி இல்லை என்றா? எண்ணில் இரண்டும் ஒன்றுதான்.

7/
அடுத்து நெருக்கடி நிலை. 1976-77 ஆம் ஆண்டுக்கு நாடு முழுவதும் வைத்த இலக்கு சுமார் 43 லட்சம் ஆபரேஷன். நடந்தது சுமார் 82 லட்சம். இலக்கைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

எந்த ரிவ்யூ மீட்டிங்கிலும் இதுக்குக் கை தட்டியிருப்பாங்க. ஆனா பின்னாடி ஷா கமிஷன் பதிவு செய்த இன்னொரு எண் இருக்கு. கருத்தடை ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள் 1,774 பேர். சம்பளம் நிறுத்துவோம், ரேஷன் கிடையாது, வேலை போகும் என்று மிரட்டப்பட்டவர்களுக்குக் கணக்கே இல்லை.

வட மாநிலங்களில் நடந்த அளவுக்குக் கட்டாயம் தமிழ்நாட்டில் இல்லை. ஆனா டார்கெட் இங்கேயும் அதே டார்கெட்தான்.

8/
1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. துறையின் பெயர் 'குடும்ப நலம்' ஆனது. ஆண்களிடம் போகவே அரசியல்வாதிகள் பயந்தார்கள். டார்கெட் போச்சா? போகலை. பெண்களிடம் போச்சு.

அதோட தழும்பு இன்னைக்கும் இருக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்தவர்கள். ஆண்களின் ஆபரேஷனை நம்பியிருப்பது 0.3 சதவீதம். ஆணுக்கு அது பத்து நிமிஷ வேலை, வயிற்றைத் திறக்கவே வேண்டாம். மருத்துவக் காரணம் எதுவும் இந்த எண்ணை விளக்காது. 1976ன் பயம்தான் விளக்கும்.

ஒரு இடத்துல அழுத்தினா இன்னொரு இடத்துல வீங்கும்னு சொல்றோமே, அது இதுதான்.

9/
இப்போ நம்ம மாவட்டத்துக்கு வருவோம். மனசு கனக்கிற பகுதி இது.

1986 ஜூனில் 'இந்தியா டுடே' இதழ் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. எருக்கம்பால், நெல்மணி என்று நம்ம ஊர் தலைகுனிந்த நாட்கள் அவை. உசிலம்பட்டியில் மட்டும் நடந்த விஷயமா? இல்லை. சேலம், தர்மபுரி பக்கமும் நடந்தது. 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது.

பல ஆய்வாளர்கள் கவனித்த ஒரு விஷயம்: முதல் பெண் குழந்தை பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆபத்து இரண்டாவது, மூன்றாவது பெண் குழந்தைக்கு.

10/
யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் சிவப்பு முக்கோணம், "நாம் இருவர் நமக்கு இருவர்". இன்னொரு பக்கம் ஏறிக்கிட்டே போற வரதட்சணை. "ஒரு ஆம்பளைப் பிள்ளையாவது வேணும்"கிற ஊர்ப் பேச்சு. ஆறு பிள்ளை பெத்த காலத்துல ஆண் பிள்ளைக்காகக் காத்திருக்க இடம் இருந்தது. குடும்பம் இரண்டாகச் சுருங்கும்போது அந்த இடமும் சுருங்குது.

சிசுக்கொலைக்குக் குடும்பக் கட்டுப்பாடுதான் காரணம்னு நான் சொல்லலை. அதோட வேர் வேற, ஆழமானது. நான் சொல்றது இது மட்டும்தான்: டார்கெட் எண்ணியது ஆபரேஷன்களை. அதே வீட்டில் அதே வருஷத்தில் இன்னொரு குழந்தைக்கு என்ன ஆச்சு என்பது அந்தக் கட்டத்தில் இல்லை.

11/
ஆனா வேறொரு கட்டத்தில் இருந்தது.

அப்போது அரசுப் பணியில் இருந்த ஷீலா ராணி சுங்கத்தும், பொருளாதார ஆய்வாளர் வெ.பா. ஆத்ரேயாவும் 1997ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களின் குழந்தை இறப்புப் பதிவேடுகளே அதற்கு முக்கிய ஆதாரம். அந்தப் பதிவேடுகளில் சில பெண் குழந்தைகளின் இறப்புக்கு எதிரே இப்படி ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தது: 'சமூகக் காரணம்'.

கிராமத்து நர்சம்மாக்கள் எழுதிய அந்தச் சொல்லாலதான் எந்த வட்டாரத்தில் எவ்வளவு நடக்குது என்று அரசுக்கே ஒரு வரைபடம் கிடைச்சது. காய்ச்சல், மூச்சுத்திணறல்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். எழுதலை.

ஒரே நிலையம். ஒரே பணியாளர்கள். ஒரு ரிஜிஸ்டர் உண்மை பேசுது, இன்னொண்ணு பொய் பேசுது. ஏன்?

12/
இதுக்கு ஒரு பொருளாதார நிபுணர் பேர்ல விதியே இருக்கு. சார்லஸ் குட்ஹார்ட், இங்கிலாந்து. 1975ல் அவர் பேசியது பணப்புழக்கத்தைப் பற்றி. பிறகு எல்லாத் துறைக்கும் பரவிய அதன் சாரம்: ஒரு அளவையே இலக்காக்கிட்டா, அது நல்ல அளவா இருக்கிறதை நிறுத்திரும்.

தெர்மாமீட்டர் 98.6 காட்டலைன்னா அடி விழும்னு சொல்லுங்க. காய்ச்சல் குறையாது. தெர்மாமீட்டரைத் தண்ணியில முக்கிக் காட்டுவாங்க.

பணக்கார நாட்டுலயும் இதே கதைதான். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வந்தவரை நாலு மணி நேரத்தில் பார்த்து அனுப்ப வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஸ்டாஃபோர்ட் நகர மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை இலக்கும் பட்ஜெட்டும் பெரிதாகி, நோயாளி சின்னவராகிப் போன அவலத்தை 2013ல் வந்த ஃபிரான்சிஸ் அறிக்கை பக்கம் பக்கமாக எழுதியது.

13/
அப்போ கோளாறு எங்கே? ஆட்கள் கெட்டவங்களா, இல்லை வேலையை நாம தப்பாப் புரிஞ்சிருக்கோமா?

2002ல் கனடாவின் சுகாதார ஆணையம் ஒன்றுக்காக குளூபர்மன், சிம்மர்மன் என்ற இருவர் அழகா ஒரு விஷயம் சொன்னாங்க. வேலைகள் மூணு வகை.

கேக் செய்வது எளிய வேலை. செய்முறையைப் பார்த்துச் செய்தால் வந்துவிடும்.
நிலவுக்கு ராக்கெட் விடுவது கடினமான வேலை. நிபுணர்கள் வேணும். ஆனா ஒண்ணு சரியாப் போனா அடுத்ததும் போகும்னு நம்பலாம்.
பிள்ளை வளர்ப்பது சிக்கலான வேலை. மூத்த பிள்ளையை வளர்த்த அனுபவம் இளையவளுக்கு அப்படியே பொருந்தாது. நாம வளர்க்க வளர்க்க, அந்தப் பிள்ளையும் நம்மை மாத்துது.

ஊர் ஆரோக்கியம் மூணாவது வகை. அதை முதல் வகைன்னு நினைச்சு மார்க் போடுறோம்.

14/
'சிக்கல் அமைப்புக் கோட்பாடு'ன்னு பெரிய பேரெல்லாம் இதுக்கு உண்டு. மதுரைக்காரங்களுக்குப் பேரே வேண்டாம். கண்மாய் போதும்.

மேல் கண்மாய் நிறைஞ்சா கலுங்கு வழியா மிச்சத் தண்ணி அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைஞ்சு அதுக்கு அடுத்தது. சங்கிலி. இப்போ ஒரு அதிகாரி வந்து, "கண்மாய் நிறைஞ்சிருந்தா பத்து மார்க், குறைஞ்சா மெமோ"ன்னு உத்தரவு போட்டா என்ன ஆகும்? மேல் ஊர்க்காரன் கலுங்குல மணல் மூட்டையை அடுக்குவான். அவனுக்குப் பத்து மார்க். கீழ் ஊர் காஞ்சு கிடக்கும். பெருமழை வந்தா மேல் கண்மாய்க் கரையே உடையும்.

ஒவ்வொரு கண்மாயாப் பார்த்தா எல்லாம் ஒழுங்கு. சங்கிலியாப் பார்த்தாத்தான் பிழை தெரியும். நம்ம முன்னோர் மடை திறக்க ஒரு ஆளை வெச்சாங்க. தண்ணியைப் பார்த்துத் திறப்பார், நாள்காட்டியைப் பார்த்து இல்லை.

15/
குடும்பக் கட்டுப்பாடும் அப்படி ஒரு சங்கிலிதான். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைஞ்சதுக்குக் காரணம் கேம்ப் மட்டும்தானா?

1971ல் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2020ல் அது 13. பெத்தது பிழைக்கும்னு நம்பிக்கை வந்தா, எதுக்கு ஆறு பெறணும்? 1982ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, பள்ளிக்குப் போன பெண் பிள்ளைகள், தள்ளிப்போன கல்யாண வயசு, ஊருக்கு ஊர் பஸ், சினிமா, வேலைக்குப் போன பெண்கள். அதுக்கெல்லாம் முன்னாடி, கர்ப்பம் பெண்ணோட முடிவுன்னு மேடை போட்டுப் பேசிய பெரியார். ஆபரேஷன் வசதியும் இதுல ஒண்ணு. முக்கியமான ஒண்ணு. ஆனா ஒண்ணுதான்.

16/
இதை நிரூபிக்க ஒரு சோதனையே நடந்தது. பலருக்குத் தெரியாது.

1994ல் கெய்ரோவில் ஐ.நா. மக்கள்தொகை மாநாடு. அடுத்த ஆண்டு, 1995ல், பல மாநிலங்களில் ஓரிரு மாவட்டங்களில் டார்கெட்டை எடுத்துப் பார்த்தார்கள். தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் மாநிலம் முழுக்கவே எடுத்தார்கள். 1996 ஏப்ரலில் நாடு முழுவதும்.

"டார்கெட் இல்லைன்னா எவன் வேலை செய்வான்?" இந்தக் கேள்வி அன்றும் வந்தது.

தேசியக் குடும்ப நல ஆய்வுகள்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள்: 1992-93 ஆய்வில் 2.48. 1998-99ல் 2.19. 2005-06ல் 1.8. டார்கெட் போனது. இறக்கம் நிற்கவில்லை.

17/
நேர்மையா மறுபக்கத்தையும் சொல்லணும். தமிழ்நாட்டில் அதுக்குள்ள அடித்தளம் இருந்தது. அது இல்லாத பல மாநிலங்களில் முதல் வருஷம் எண்ணிக்கை சரிஞ்சது. பயந்து, வேறு பெயரில் இலக்குகள் திரும்பி வந்தன. 'எதிர்பார்க்கப்படும் அடைவு' என்று மரியாதையான பெயர்.

2014 நவம்பர். சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டம். ஒரு கேம்ப். சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன். 13 பெண்கள் இறந்தார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம், இந்த கேம்ப் முறையையே மூன்று ஆண்டுகளில் நிறுத்தச் சொன்னது.

டார்கெட்டை ஒழிச்சிட்டா மட்டும் போதாதுன்னு இது சொல்லுது. அந்த இடத்துல வேற ஒண்ணு வேணும்.

18/
"அப்போ எண்ணே வேண்டாமா டாக்டர்?"

வேணும். எண் இல்லாம மருத்துவம் இல்லை. எதை எண்ணுறோம், யாருக்காக எண்ணுறோம்ங்கிறதுதான் கேள்வி.

பெரியம்மை ஞாபகம் இருக்கா? 1962ல் தேசிய ஒழிப்புத் திட்டம் வந்தபோது இலக்கு: 80 சதவீதம் பேருக்கு அம்மை குத்துவது. எண்ணிக்கை ஏறியது. எளிதாகக் கிடைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கே திரும்பத் திரும்பக் குத்தினார்கள். அம்மை போகவில்லை. பிறகு கேள்வியை மாற்றினார்கள். "எத்தனை பேருக்குக் குத்தினாய்?" போய், "அம்மை இப்போ எந்த வீட்டில் இருக்கு?" வந்தது. 1973 முதல் வீடு வீடாகத் தேடல். கண்ட இடத்தில் சுற்றி வளைத்துத் தடுப்பு. இந்தியாவின் கடைசி உள்நாட்டு நோயாளி 1975 மே மாதம்.

அதுவும் எண்தான். ஆனா நோயைத் தேடுற எண். அம்மையைக் கண்டுபிடிச்சுச் சொன்னவரைப் பாராட்டினார்கள், "உன் ஏரியாவில் ஏன் அம்மை?" என்று மெமோ கொடுக்கவில்லை.

19/
இன்னொரு உதாரணம் நம்ம வீட்டு வாசல்லயே இருக்கு. திருச்சி ரோட்டுல போறப்போ கொட்டாம்பட்டியைத் தாண்டியிருப்பீங்க. 1980ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது அந்த ஒன்றியத்தில்தான். பிறகு பல மாவட்டங்களுக்குப் போனது.

முறை எளியது. அதே ஊர்ப் பெண் ஒருவர் பணியாளர். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துணவு. தேறினால் நிறுத்துவார். தேறாவிட்டால் மேலே அனுப்புவார்.

பத்து வருஷத்துல கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு கணிசமாகக் குறைந்ததை மதிப்பீடுகள் சொல்லின. மிதமான குறைபாடு அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதையும் அதே மதிப்பீடுகள் சொல்லின.

20/
அங்கேயும் தினம் எண்தான். ஆனா அந்த எண்ணை முதல்ல பார்த்தது யாரு? அம்மா. போன மாசம் ஏழரைக் கிலோ, இந்த மாசமும் ஏழரைன்னா, "என்ன சாப்பிடுறான்? வயித்தால போச்சா?"ன்னு அங்கேயே பேச்சு வரும். மேல அனுப்புற படிவம் அதுக்கு அப்புறம்தான்.

என் ரிஜிஸ்டரோட ஒப்பிட்டுப் பாருங்க. அந்த 120/80 யாருக்காக எழுதப்பட்டது? அந்த ஐம்பத்திரண்டு வயசுக்காரருக்காக இல்லை. எனக்காகக்கூட இல்லை. மறுநாள் மீட்டிங்குக்காக.

21/
கடைசியா, நாம பெருமைப்பட வேண்டிய ஒரு விஷயம். தாய் மரணத் தணிக்கை.

1990களில் தமிழ்நாடு இதைத் தொடங்கியது. பிறகு பிரசவத்தை ஒட்டி இறக்கும் ஒவ்வொரு பெண்ணின் கதையையும் விசாரிப்பது என்று விரிந்தது. வீட்டில் போய்க் கேட்பார்கள். மூன்று தாமதங்களைத் தேடுவார்கள்: கிளம்ப முடிவெடுப்பதில் தாமதமா, வந்துசேர்வதில் தாமதமா, வந்த இடத்தில் சிகிச்சையில் தாமதமா?

ஒவ்வொரு கதையும் ஒரு ஓட்டையைக் காட்டும். ரத்தம் இல்லை. இரவில் டாக்டர் இல்லை. வண்டி இல்லை. 24 மணி நேரப் பிரசவ வசதி, சீமாங் மையங்கள், 2008ல் 108 என்று ஓட்டைகள் அடைபட்டன. ஒரு லட்சம் பிரசவத்துக்கு தாய் மரணம் 2001-03ல் 134. 2018-20ல் 54.

22/
ஆனா அதே தணிக்கை, "யார் தப்பு?"ன்னு கேட்கிற கூட்டமா மாறுற அன்னைக்கு என்ன ஆகும்? கலுங்குல மணல் மூட்டை.

"நம்ம ரிஜிஸ்டர்ல சாவு வரக் கூடாது." அப்போ ரத்தப்போக்கு உள்ள பெண்ணை நிலைப்படுத்தாமலே அடுத்த ஊருக்கு ரெஃபர் பண்ணுவாங்க. அங்கிருந்து இன்னொரு ஊருக்கு. வண்டியிலயே பொன்னான ஒரு மணி நேரம் போயிரும். ஒவ்வொரு மருத்துவமனையின் கணக்கும் சுத்தம். அந்தப் பெண் மட்டும் இல்லை.

அரசு வேலையில இருக்கிற எந்த டாக்டரும் இதைப் படிச்சுட்டு "அப்படி எங்கயும் நடக்காது"ன்னு சொல்ல மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

23/
என்ன செய்யலாம்? நான் ஐ.ஏ.எஸ். இல்லை, சாதாரண எம்.பி.பி.எஸ். தோணுறதைச் சொல்றேன்.

ஒண்ணு: எண்ணோட ஒரு கதையும் கேளுங்க. "எத்தனை?"க்கு அடுத்து "அதுல ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க". உண்மையாப் பார்த்தவங்களுக்கு மட்டும்தான் சொல்ல வரும்.

ரெண்டு: ஒரு எண்ணைத் தனியா விடாதீங்க. பரிசோதனை எத்தனைன்னு கேட்டா, புதுசா எத்தனை பேருக்கு நோய் கண்டுபிடிச்சீங்க, எத்தனை பேர் மாத்திரையைத் தொடர்றாங்கன்னும் கேளுங்க. ஆயிரம் பேருல ஒருத்தருக்குக்கூட பிபி இல்லைன்னா, அது சாதனை இல்லை, சந்தேகம்.

மூணு: சங்கிலியைப் பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, பெரியாஸ்பத்திரி மூணும் ஒரே மேஜையில உட்காரட்டும்.

நாலு: "முடியலை"ன்னு உண்மை சொன்னவங்களை நிக்க வைக்காதீங்க. அன்னைக்கு அந்தக் கூட்டத்துல நிக்க வெச்சது ஒரு செவிலியரை இல்லை. உண்மையை.

24/
அந்த மாசத்துக்கு அப்புறம் நானும் அந்த சிஸ்டரும் ஒரு முடிவுக்கு வந்தோம். பார்த்ததை மட்டும் எழுதுறது. எண்ணிக்கை பாதியாச்சு. புதுசா பத்தொன்பது பேருக்கு பிபி இருந்தது. அதுல நாலு பேருக்கு 180க்கு மேல. மீட்டிங்ல இந்த முறை எழுந்து நின்னது நான். பத்தொன்பது பேர் லிஸ்ட்டைப் படிச்சேன். கை தட்டலை. "அடுத்த மாசம் பார்த்துக்கோங்க"ன்னு விட்டாங்க. அவ்ளோதான். சினிமா மாதிரி எதுவும் மாறலை.

அந்த ஐம்பத்திரண்டு வயசுக்காரர் பிழைச்சார். வலது கை முழுசா வரலை. கம்பு ஊன்றி மாசாமாசம் மாத்திரை வாங்க வருவார். நான் பிபி பட்டையைச் சுத்தும்போது ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "எவ்ளோ இருக்கு டாக்டர்?"

அவர்கிட்ட அந்த ரிஜிஸ்டர் பத்தி நான் சொன்னதில்லை. இன்னைக்குத்தான் உங்ககிட்ட சொல்றேன்.

கடைசியாப் பார்த்தப்போ 148/90 இருந்தது. 148/90ன்னு எழுதினேன்.

உங்க வீட்டுல முப்பது வயசு தாண்டினவங்க இருந்தா, இந்த வாரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் பிபி பாருங்க. பட்டையைச் சுத்தி, காத்து ஏத்தி, பார்த்துட்டுச் சொல்லச் சொல்லுங்க.